பார்வையில் குறை இல்லை

பேரப்பிள்ளைகளைப் பஸ் ஏற்றிவிட்டு நான்கு நாளாகிவிட்டது. கண்ணாடிக்கடைக்காரருக்கு இடுப்பு இன்னும் நிமிரவில்லை. மூன்று வார விடுமுறையில் மனுஷரைச் சக்கையாகப் பிழிந்து போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பெரியவள் சிட்டுவுக்கு எட்டு வயது, சின்னவன் குண்டுவுக்கு நான்கு. குதிரையாகவும் லாரியாகவும் படகாகவும் இருந்து பார்த்துவிட்ட அறுபத்திரண்டு வயது முதுகு அவருடையது. வரப்போகிறார்கள் என்றதும் நாள்காட்டித் தாளை விடியுமுன்பே கிழித்துப் போட்டுக் காத்திருந்தவர்தான். அவர்கள் போன அன்று நாற்காலியில் விழுந்து "அப்பாடா" என்று ஒரு மூச்சு விட்டார், அது அடுத்த வீட்டுக்கே கேட்டிருக்கும். விட்டபிறகு வெட்கப்பட்டார். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பிள்ளைகளின் மேல் உயிரையே வைத்திருக்கலாம், அதற்காக முழங்கால் வலிக்காமல் இருக்குமா?

வீடு இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை. டிவி ரிமோட் துணி துவைக்கும் மெஷினுக்குள் கிடைத்தது. திரைச்சீலைக் கம்பி ஒரு பக்கம் தொங்கியது. குண்டுவின் இடது கால் செருப்பு மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. இதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தது அவருடைய அக்கா. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்று, தம்பி மனைவி இறந்ததும் இங்கே வந்து சேர்ந்தவர். வேலை போனாலும் காது போகவில்லை. மாடியில் உட்கார்ந்துகொண்டே கீழே கடையில் யார் என்ன பேசினார்கள் என்று சொல்லிவிடுவார். அதனால் தம்பி கடையில் வாய் திறந்து யாரையும் திட்டுவதில்லை.

கடை வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. முன்னால் பிரேம்கள் அடுக்கிய கண்ணாடி அலமாரி. பின்னால் நீளமாக, ஒடுக்கமாக ஓர் அறை. அந்த அறையின் ஒரு கோடியில் நாற்காலி, மறு கோடியில் விளக்குப் போட்ட எழுத்து அட்டை. மேல் வரியில் ஒரே ஒரு பெரிய எழுத்து. கீழே வரவர எழுத்துகள் சிறுத்து, கடைசி வரியில் எறும்பு ஊர்வது மாதிரி ஏழு எழுத்துகள். இருபத்தெட்டு வருஷமாக அந்த அறையில் நின்று "இது தெரியுதா, இது தெரியுதா" என்று கேட்டே அவருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது.

அவருக்கு ஒரு பெருமை உண்டு. "எங்க குடும்பத்துல ஒருத்தருக்கும் கண்ணாடி கிடையாது. அடுத்தவங்களுக்கு மாட்டிவிடத்தான் நாங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் அளப்பார். விடுமுறையில் இதற்கு வசதியாகச் சிட்டு கிடைத்தாள். எந்தக் குழந்தையாவது நாற்காலியில் உட்காரமாட்டேன் என்று அடம்பிடித்தால், "சிட்டு, இங்க வா, எப்படிப் படிக்கணும்னு காட்டு" என்பார். அவள் ஓடி வந்து உட்கார்ந்து மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் படித்து முடிப்பாள். கடைசி வரியையும் விடமாட்டாள். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். இவர் கைதட்டுவார். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது இந்தக் காட்சி நடந்தது.

கிளம்புகிற அன்று காலையில் மகள் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள். பள்ளிக்கூடத்தில் கேட்டிருந்தார்களாம், கண் சோதித்து ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும். அந்த நேரத்தில் குண்டுவின் செருப்பைக் காணோம், தண்ணீர் பாட்டிலைக் காணோம், பஸ்ஸுக்கு இருபது நிமிஷம்தான் இருந்தது. சிட்டுவை உட்காரவைத்தார், படி என்றார், படித்தாள். "பார்வையில் குறை இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கடை முத்திரையையும் ஓங்கிக் குத்திக் கொடுத்தார். உட்கார்ந்து ஆற அமர ஒரு வாய் தேநீர் குடிக்கவேண்டும் என்பது ஒன்றுதான் அப்போது அவர் மனதில் இருந்தது.

இன்று புதன்கிழமை சாயங்காலம் மகளிடமிருந்து போன் வந்தது. அக்காதான் எடுத்தார். இரண்டு வார்த்தை கேட்டதுமே முகம் மாறி, ஸ்பீக்கரைப் போட்டு மேஜையில் வைத்தார்.

"அப்பா, சிட்டுவை ஒரு கிளாஸ் கீழ இறக்கப் போறாங்களாம்" என்றாள் மகள். அழுது முடித்த குரல். "திங்கட்கிழமையிலிருந்து ரெண்டாங்கிளாஸ்ல உக்காரணுமாம்."

"என்னம்மா சொல்றே? நல்லாத்தானே படிக்கிறா!"

"எங்கப்பா படிக்கிறா? போர்டுல எழுதுறது ஒண்ணு, இவ நோட்டுல எழுதுறது ஒண்ணு. ஆறைப் போட்டா எட்டுன்னு எழுதறா. லீவுக்கு முன்னாடியே டீச்சர் சொன்னாங்க. கண்ணு தெரியலையோ என்னமோன்னு சந்தேகப்பட்டுத்தான் அந்த ஃபாரத்தையே குடுத்தாங்களாம், இப்பத்தான் சொல்றாங்க."

"அதை நீ எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"உங்ககிட்டப் போய் என்னப்பா சொல்றது? எல்லாருக்கும் குடுக்கிற ஃபாரம்னு நினைச்சேன். இப்ப நீங்க கண்ணு நல்லாருக்குன்னு எழுதிட்டீங்க. அப்ப இது திமிர்தானே, கவனம் இல்லாததுதானேங்கறாங்க. நேத்து நானும்..." என்று நிறுத்தினாள். "நேத்து நானும் ரெண்டு வச்சுட்டேன்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "கண்ணு நல்லாத்தாம்மா இருக்கு. நானே பாத்தேன். கடைசி வரி வரைக்கும் படிச்சா" என்றார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. நான் ஒரு தடவை பேசிப் பார்க்கிறேன், நாளைக்கு வருகிறேன் என்று ஏதோ சொல்லி போனை வைத்தார்.

அக்கா தரையில் கிடந்த குண்டுவின் செருப்பைக் காலால் இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டிருந்தார். 

"என்ன?" என்றார் தம்பி.

"அவ படிக்கலைடா. சொன்னா."

"படிச்சாத்தானே சொல்ல முடியும்?"

"நான் முப்பத்தொரு வருஷம் நம்பர் சொல்றவங்களைக் கேட்டவ. பாத்துப் படிக்கிறவன் இழுப்பான், முழுங்குவான், நடுவுல நிறுத்துவான். மனசுல இருந்து சொல்றவன்தான் மூணு மூணா ராகம் போட்டுச் சொல்லுவான். உன் பேத்தி ராகம் போட்டுத்தான் சொன்னா. இங்க என் பக்கத்துல உக்காந்து துணி மடிக்கும்போதும் அதே ராகம்தான். ஏதோ பாட்டுன்னு நினைச்சேன்." அக்கா செருப்பை மேஜைக்கடியில் தள்ளினார். "அன்னைக்கே உன்கிட்டச் சொல்லியிருக்கணும். நானும் களைச்சுப் போயிருந்தேன்."

அவர் எழுந்து கடைக்கு இறங்கினார். அந்நியர் வீட்டுக் குழந்தை என்றால் அவர் விடமாட்டார். வலமிருந்து இடமாகப் படி என்பார், ஒரு கண்ணை மூடி நடு எழுத்தை மட்டும் கேட்பார், எண் அட்டையை மாட்டிப் பார்ப்பார். கண்ணாடி வேண்டாம் என்பதற்காகப் பொய் சொல்கிற பிள்ளைகளை அவர் பார்த்ததில்லையா? நூறு பேரைப் பார்த்திருக்கிறார். சொந்தப் பேத்தி என்றதும் மட்டும் அந்த இருபத்தெட்டு வருஷமும் எங்கேயோ போய்விட்டது.

கடையில் எழுத்து அட்டை ஒன்றும் எண் அட்டை ஒன்றும்தான் இருந்தன. மூன்று வாரம் அந்த அறையிலேயே புழங்கியவளுக்கு இரண்டும் தலைகீழ்ப் பாடமாகியிருக்கும். பிரேம் வந்த ஒரு பெட்டியைக் கிழித்து, வெள்ளைத் தாள் ஒட்டி, அளவுகோலை வைத்து அளந்து அளந்து புதிதாக ஓர் அட்டை எழுதினார். கோடு கோணியதால் இரண்டு தாள் வீணாயிற்று. மூன்றாவதைப் பார்த்துவிட்டு அக்கா "இது போதும், போய்ப் படு" என்றார்.

மறுநாள் காலைப் பஸ்ஸில் நான்கு மணிநேரம். மடியில் லென்ஸ் பெட்டி, காலடியில் கடையின் எழுத்து அட்டையும் புது அட்டையும். பக்கத்தில் இருந்தவர் தோளில் சாய்ந்து தூங்கினார், அவரை எழுப்பக்கூட இவருக்குத் தெம்பில்லை. மகள் வீட்டுக் கதவைத் தட்டியபோது மணி இரண்டு. மருமகனுக்கு இரவு வேலை, உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். மகள் கதவைத் திறந்து, வாயில் விரலை வைத்து, பெட்டியை வாங்கிக்கொண்டாள். அவள் கண்ணைச் சுற்றி இருந்த கருப்பைப் பார்த்தபோது, களைப்புக்கு வயது கிடையாது என்று அவருக்குத் தோன்றியது.

மூன்றரைக்குச் சிட்டு வந்தாள். வழக்கமாக அவரைக் கண்டால் பையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடி வருகிறவள், அன்று பையோடு நின்று "வாங்க தாத்தா" என்றாள். பெரிய மனுஷி மாதிரி இருந்தது அது. அவருக்குப் பிடிக்கவில்லை.

வாசல் கதவிலிருந்து சமையலறைச் சுவர் வரை அடி வைத்து அளந்தார். சுவரில் முதலில் கடை அட்டையைத்தான் மாட்டினார். இன்னும் ஒரு மூலையில் நப்பாசை இருந்தது, அக்காவின் காது இந்த ஒரு தடவை தவறியிருக்காதா என்று.

சிட்டு கதவில் சாய்ந்து நின்று படித்தாள். மூன்று மூன்றாக. ராகம் போட்டு.

"இப்ப அந்தப் பக்கமிருந்து படி."

அந்தப் பக்கமிருந்தும் படித்தாள், ஒரு எழுத்துப் பிசகாமல். அவரே ஒரு நிமிஷம் ஆடிப்போனார்.

மகளுக்குப் பொறுக்கவில்லை. "பாத்தீங்களாப்பா? எல்லாம் தெரியுது. வேணும்னேதான் பண்றா. வர்ற கோபத்துக்கு..." என்று கையை ஓங்கினாள். சிட்டு அந்தக் கையைப் பார்த்து முகத்தைச் சுருக்கிக்கொண்டாள். இரண்டு நாளில் பழகிவிட்ட சுருக்கம்.

"கொஞ்சம் இரு" என்று மகளைத் தடுத்துவிட்டு, அவர் கடை அட்டையைக் கழற்றினார். பெட்டியிலிருந்து கிழித்துச் செய்த அட்டையை மாட்டினார்.

 சிட்டு சுவரைப் பார்த்தாள், தாத்தாவைப் பார்த்தாள், மறுபடி சுவரைப் பார்த்தாள்.

"தாத்தா, இது நம்ம அட்டை இல்ல" என்றாள் மெதுவாக.

"இல்லடா கண்ணு. இதுல எது வரைக்கும் தெரியுது?"

"மேல இருக்கிற ஒண்ணு. அதுக்குக் கீழ ரெண்டு இருக்கு, ஆனா அசையுது."

மகள் ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாயில் வைத்துக்கொண்டாள். அவர் சிட்டுவின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். முழங்கால் சத்தம் போட்டது. சோதனை பிரேமை அவள் மூக்கில் வைத்து, லென்ஸ்களை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். மைனஸ் இரண்டேகாலில் வந்து நின்றது. கடைசிக்கு முந்தின வரி வரை படித்தாள். இந்தத் தடவை இழுத்தாள், முழுங்கினாள், நடுவில் நிறுத்தினாள். 

"எல்லாருக்கும் இப்படித்தான் தெரியுமா?" என்று கேட்டாள் சிட்டு.

"ஆமா."

"அப்ப அவங்களுக்கெல்லாம் எழுதுறது சுலபம்தான்" என்றாள். அதில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை.

"கண்ணு, தெரியலைன்னா தாத்தாகிட்டச் சொல்லியிருக்கலாமே? ஏன் மனப்பாடம் பண்ணினே?"

சிட்டுவுக்கு அந்தக் கேள்வி புரியாத மாதிரி இருந்தது. "சொன்னேனே" என்றாள். "வந்த அன்னைக்கே சொன்னேன், கடைசி வரி தெரியலைன்னு. நீங்க சிரிச்சீங்க. 'கண்ணாடிக்கடைக்காரன் பேத்திக்கே கண்ணாடியா, ஊர் சிரிக்கும், போ'ன்னீங்க. அப்புறம் இன்னொரு நாள் சொன்னேன். அப்ப குண்டு அலமாரிக்குள்ள ஏறிட்டான். அப்புறம் பாக்கலாம்னு போயிட்டீங்க. அதுக்கப்புறம் ஒரு மாமா உக்காந்து எல்லாத்தையும் சத்தமாப் படிச்சார். நான் கேட்டுக்கிட்டேன். அதை அப்படியே நான் சொன்னதும் நீங்க கைதட்டினீங்க."

அவர் யோசித்துப் பார்த்தார். எவ்வளவு யோசித்தும் அப்படி ஒரு நாள் நினைவுக்கே வரவில்லை. அலமாரி நினைவுக்கு வந்தது, குண்டுவை இழுத்து இறக்கியபோது இடுப்பில் பிடித்தது நினைவுக்கு வந்தது. பிள்ளை வந்து சொன்னது மட்டும் இல்லை. மறந்தால்கூடப் பரவாயில்லை, காதிலேயே வாங்கியிருக்கவில்லை என்பதுதான் அவரைக் கொன்றது.

மகள் சிட்டுவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அடிச்சுட்டேனேப்பா" என்றாள்.

"அடிச்சது நீ. அடிக்க வச்சது நான்" என்றார். 

வெள்ளிக்கிழமை காலையில் மூன்று பேருமாகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள். குண்டுவை மருமகனிடம் விட்டுவிட்டு வந்தார்கள். வழியில் மகள் அவர் பக்கமாகச் சாய்ந்து, சிட்டுவுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"அப்பா, அங்க போய் ரொம்ப விவரமெல்லாம் சொல்லிட்டிருக்காதீங்க. உங்க சீல் குத்தின பேப்பர் அது. வெளிய தெரிஞ்சா கடைக்குத்தான் கெட்ட பேரு. பிள்ளை அட்டையை மனப்பாடம் பண்ணிட்டா, அதனால கண்டுபிடிக்க முடியலைன்னு சொல்லுங்க, போதும். அது உண்மைதானே?"

"உண்மைதான்" என்றார்.

டீச்சர் கெட்டவரில்லை. அவருக்கும் விடுமுறை முடிந்த முதல் வாரம். மேஜையில் நாற்பது நோட்டுகள் குவிந்திருந்தன, குரல் பாதிதான் வந்தது. அவருடைய கண்ணாடி ஒரு பக்கம் சரிந்திருந்தது, திருகாணி தளர்ந்திருக்கவேண்டும். கண்ணாடிக்கடைக்காரருக்குக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டார். படிவத்தை எடுத்து டீச்சர் அவர் முன்னால் வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"என்னுதுதான். இது தப்பு. அவளுக்கு மைனஸ் ரெண்டேகால் இருக்கு. கண்ணாடி திங்கட்கிழமைக்குள்ள வந்துடும். தயவுசெஞ்சு கிளாஸை மாத்தவேண்டாம்."

"தப்புன்னா எப்படி? நீங்கதானே டெஸ்ட் பண்ணினீங்க?"

அவர் மகளைப் பார்த்தார். மகள் கண்ணாலேயே சொல்லிக்கொடுத்தாள்.

"அவ அட்டையை மனப்பாடம் பண்ணியிருந்தா" என்றார்.

டீச்சர் பேனாவை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "அதானே பாத்தேன்" என்றார். "மூளை இருக்கு, அதை இப்படித்தான் செலவழிக்குது." சிட்டுவின் பக்கம் திரும்பினார். குரலில் கோபத்தைவிட அலுப்புதான் அதிகம். "ஏம்மா, இப்படித் தாத்தாவையே ஏமாத்தலாமா? உங்கம்மா எத்தனை தடவை வந்து நின்னாங்க தெரியுமா? நான் எத்தனை நாள் கத்தினேன்? தெரியலைன்னா தெரியலைன்னு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

சிட்டு தரையைப் பார்த்தாள். தாத்தாவைப் பார்க்கவில்லை. நேற்று அம்மாவின் கையைக் கண்டு சுருங்கின அதே முகம். இனி இந்தப் பிள்ளை யாரிடமும் எதையும் வந்து சொல்லாது என்று அவருக்குச் சட்டென்று தோன்றியது. பயமாக இருந்தது. இருபத்தெட்டு வருஷத்துக் கடைப் பெயரை நினைத்துப் பார்த்தார். அந்த அறையில் அது ஒன்றுக்கும் ஆகாததாகத் தெரிந்தது.

"சொன்னா டீச்சர்" என்றார்.

"என்ன?"

"தெரியலைன்னு சொன்னா. எங்கிட்ட வந்து வாயைத் திறந்து சொன்னா. நான்தான் காதுல வாங்கலை. கைதட்டி வேற விட்டேன். ஏமாத்தினது அவ இல்ல. பாக்காமலே கையெழுத்துப் போட்டது நான். அதை அந்த ஃபாரத்துலயே எழுதித் தர்றேன், குடுங்க."

 டீச்சர் படிவத்தையும் பேனாவையும் அவர் பக்கமாகத் தள்ளினார். அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு எழுத ஆரம்பித்தார்.

"ரெண்டு தடவை" என்றாள் சிட்டு.

மகள் அவள் தோளை அழுத்தினாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். பேத்தி இப்போது தரையைப் பார்க்கவில்லை, நேராக அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா டீச்சர்" என்றார். "ரெண்டு தடவை சொன்னா."

அதையும் எழுதினார்.